பெட்டி வாயில் கட்டிய துணி

என் குரல் போனபோது வீட்டில் யாரும் பதறவில்லை. உண்மையைச் சொன்னால், என் மனைவி சரோஜாவின் முகத்தில் ஒரு தெளிவே வந்தது. முப்பது வருடமாக என் நகைச்சுவைகளையும், அவற்றுக்கு நானே முதலில் சிரிப்பதையும் பொறுத்துக்கொண்டவள் அவள். முதல் வாரம் இஞ்சியும் தேனும் கொடுத்தாள். இரண்டாவது வாரம் தேனை நிறுத்திவிட்டாள். குணமாகிவிடுவேனோ என்று பயந்திருப்பாள்.

மூன்றாவது வாரமும் தொண்டையிலிருந்து துருப்பிடித்த கேட்டைத் திறப்பது போன்ற சத்தம்தான் வந்தது. கிளினிக்கில் கொடுத்த மாத்திரைகள் தீர்ந்து, பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஓர் இளம் டாக்டரம்மா என் மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமரா ஒன்றை விட்டுப் பார்த்தார். குரல் நாண்கள் இரண்டில் இடது பக்கத்தது அசையவில்லை என்றார். அரசாங்க வேலையில் இருந்த நாண், அப்படித்தான் இருக்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. டாக்டர் சிரிக்காதபோதுதான் நோயாளிக்கு முதல் பரிசோதனை முடிவு தெரிகிறது.

அவர் படம் வரைந்து விளக்கினார். குரல் நாணை ஆட்டும் நரம்பு நேராகத் தொண்டைக்குப் போவதில்லையாம். கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக் குழாயைச் சுற்றி, மறுபடி மேலே ஏறி வருகிறதாம். பாகான் டாலாமிலிருந்து பக்கத்திலேயே இருக்கும் பட்டர்வொர்த் போக, எங்கோ தூரத்து ஈப்போ வழியாகப் பஸ் ஏறியது போல. வழியில் நெஞ்சுக்குள் எதுவோ அந்த நரம்பை நெருக்குகிறது. எனவே தொண்டையை விட்டுவிட்டு நுரையீரலில் தேடினார்கள். கிடைத்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி விட்டுக் கட்டியில் ஒரு துணுக்கு எடுத்தார்கள். அந்தத் துணுக்கு என்னவென்று தெரிய இரண்டு வாரம். காத்திருக்கும் கூடத்தில் எங்களோடு உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் ஒரே முகம்தான். எண் கூப்பிடும்போது யாருடைய எண்ணாகவும் இருக்கட்டும், நம்முடையதாக இருக்க வேண்டாம் என்கிற முகம். என் எண் வந்தது. நுரையீரல் புற்றுநோய், மூன்றாம் நிலை. வெட்டி எடுக்க முடியாது. மருந்தும் கதிர்வீச்சும்தான்.

நான் கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சத்தம் வரவில்லை. அழுவதற்கும் குரல் வேண்டும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஒவ்வோர் அறையிலும் ஒரே கேள்வி: எத்தனை வருடம் சிகரெட் குடித்தீர்கள்? இருபத்திரண்டு என்பேன். கேட்டவர் தலையாட்டி எழுதிக்கொள்வார். அந்தத் தலையாட்டலில் ஒரு நிம்மதி இருக்கும், கணக்கு சரியாக வந்துவிட்டது போல. எனக்கும் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. நான் வாங்கித் தின்ற நோய் இது.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது என் நோயைச் சொல்ல அல்ல. இரண்டு மருந்துச் சுற்றுகளுக்கு நடுவே பத்து நாள் ஓய்வு கிடைத்திருக்கிறது. அதற்குள் பக்கத்துக் கட்டிலைப் பற்றி எழுதிவிட வேண்டும்.

முதல் சுற்று மருந்து ஏறிய ஒரு வாரத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. இந்த மருந்து, கட்டியைக் கொல்லும் வேகத்தில் கிருமிகளோடு சண்டைபோடும் வெள்ளணுக்களையும் கொன்றுவிடுகிறது. அதனால் சாதாரணக் காய்ச்சலுக்கே வார்டில் படுக்க வைத்துவிடுகிறார்கள். சரோஜா பிளாஸ்க்கில் ரசம் எடுத்துக்கொண்டு, தினமும் இரண்டு பஸ் மாறி வந்தாள். வாயில் இரும்புச் சுவை. ரசமும் ஆணியை ஊறவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. நல்லாயிருக்கு என்று சைகை காட்டினேன். நம்பாமல் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

இரண்டாவது நாள் காலை, பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவரைக் கொண்டுவந்து போட்டார்கள். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து மூச்சு முட்டியதால், விலாவில் ஒரு குழாய் செருகி நீரைக் கீழே ஒரு போத்தலுக்கு வடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் போத்தலை எட்டிப் பார்த்தார். தேத்தண்ணி நிறம். "பால் பத்தல" என்று மிஸ்ஸியிடம், அதாவது நர்ஸிடம், சொன்னார். வெகுநாள் கழித்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு, கேட் சத்தமாக வெளியே வந்ததும் அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, நீ மெஷின் தம்பிதானே?"

முத்தையா அண்ணன். ஆயர் ஈத்தாமில் ஒரே கோப்பிக் கடையில் முப்பத்தாறு வருடம் தேத்தண்ணி கலக்கியவர். என்னை அவருக்கு நினைவிருந்ததில் ஆச்சரியமில்லை. எனக்கு அவரை நினைவிருந்ததற்குத்தான் காரணம் உண்டு. அவர் என் மிகச் சிறந்த நகைச்சுவையின் கதாநாயகன். பல வருடங்களாக எத்தனை கல்யாணப் பந்தியில் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன் என்று சரோஜாவுக்குத் தெரியும். அவள் கை ரசக் கரண்டியோடு நின்றுவிட்டது.

கதை இதுதான். நான் கெலுகோரில் பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளனாக இருந்தேன். சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை வராத காலம். தடை தேவையா, நல்ல காற்றாடிகள் இருந்தால் போதுமா என்பது ஆய்வின் கேள்வி. கேள்வி எங்களுடையதல்ல. அது பணத்தோடு சேர்ந்தே வந்தது. பணம் கொடுத்த அறக்கட்டளையின் பெயரில் 'தூய காற்று' என்று இருந்தது. தஞ்சோங் பூங்காவில் ஒரு ஹோட்டலில் கருத்தரங்கு வைத்தார்கள். இறால் பிரமாதம். போகும்போது ஆளுக்கொரு பை. பையில் ஒரு குறிப்பேடு, ஒரு பேனா, ஒரு தங்க நிற லைட்டர். தூய காற்றுக்கு லைட்டர் எதற்கு என்று கேட்ட ஒரே ஆள் நான்தான். எல்லோரும் சிரித்தார்கள். கேட்டுவிட்டு லைட்டரை நானே வைத்துக்கொண்டேன். எரிவாயு தீரும்வரை பயன்படுத்தினேன்.

என் வேலை, கடைகளில் பெட்டி வைப்பது. பெட்டிக்குள் ஒரு சின்ன பம்ப் காற்றை இழுக்கும். காற்றிலிருக்கும் புகைத்தூள், வாயருகே உள்ள வெள்ளைக் காகித வட்டில் படியும். வாரம் ஒருமுறை வட்டை மாற்றி எடை பார்ப்போம். எடை கூடினால் காற்று கெட்டது, குறைந்தால் நல்லது. முத்தையா அண்ணன் நிற்கும் இடத்தில், அவர் மூக்கின் உயரத்துக்கு, பலகையில் ஒரு பெட்டி வைத்தேன். மேசைகளில் புகை எழுந்து தாழ்வான கூரையில் முட்டி அவர் பக்கம்தான் இறங்கும்.

அந்தக் கடையின் வட்டுகள் மட்டும் அதிசயமாக வெள்ளையாக வந்தன. ஐந்தாவது வாரம் ஒருநாள் முன்னதாகவே போனேன். பெட்டி வாயில் ஒரு புதிய தேத்தண்ணி வடிதுணி. அழகாகச் சுருக்கி, நூலால் கட்டியிருந்தது. அண்ணன் கலவரப்பட்டு விளக்கினார். இங்கே புகை ஜாஸ்தி. கவர்மெண்ட் மெஷின் அழுக்காகிவிடும். அழுக்கானால் தம்பியைத் திட்டுவார்கள். அதனால் நான் போனதும் கட்டிவிட்டு, வரும் நாளன்று அவிழ்த்து வைத்துவிடுவாராம்.

இந்த இடத்தில்தான் பந்தியில் எல்லோரும் விழுந்து சிரிப்பார்கள். நான் அதோடு கதையை நிறுத்திவிடுவேன். நிறுத்திய இடத்துக்குப் பிறகு நடந்தது இது: ஆய்வை நடத்திய பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவரும் சிரித்தார். பிறகு வட்டுகளின் எடையைப் பார்த்தார். அறிக்கை கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. பாதியில் துணியைக் கழற்றினால் எடை திடீரென்று ஏறும், ஏன் என்று கேட்பார்கள். மறுபடி முதலிலிருந்து செய்யப் பணமில்லை. யோசித்துவிட்டு ஒரு வரி எழுதச் சொன்னார். நான் எழுதினேன்: 'களச் சூழலுக்கேற்பக் கருவி பாதுகாக்கப்பட்டது.' துணி கடைசி வாரம்வரை அப்படியே இருந்தது. அறிக்கை போனது. அடுத்த ஆண்டும் பணம் வந்தது. என் வேலையும் நிரந்தரமானது.

முத்தையா அண்ணன் வாழ்க்கையில் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் அவரையும் அதே கேள்விதான் கேட்டார்கள், எத்தனை வருடம் என்று. இல்லை என்பார். கேட்டவர், பெரியவர்கள் இப்படித்தான் மறைப்பார்கள் என்பது போல லேசாகச் சிரித்து அடுத்த கேள்விக்குப் போவார். விலாவில் குழாய் செருகியபோதுகூட முனகாத மனிதர், அந்தச் சிரிப்புக்குக் கண் கலங்குவதைப் பார்த்தேன். வேலை செய்த இடத்துப் புகையால் வந்த நோய் என்று பதிவு செய்யச் சொல்லித் தொழிலாளர் காப்புறுதி அலுவலகத்தில் அவர் மகள் மனு போட்டிருந்தாள். கிடைத்தால் நடக்க முடியாத அவர் மனைவிக்கு மாதாமாதம் ஏதோ வரும். அவருக்கு வேண்டியது அதுகூட இல்லை. "நான் குடிக்கலன்னு ஒரு தாளுல எழுதி இருக்கணும் தம்பி. அவ்வளவுதான்" என்றார்.

மகள் பெயர் கலைச்செல்வி. பிறை ஊரில் ஓர் எலெக்ட்ரோனிக் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பகுதியில் வேலை. ஷிஃப்ட் முடிந்து பாகான் டாலாம் வீட்டில் அம்மாவுக்குச் சோறு போட்டுவிட்டு ஃபெரி பிடித்து வருவாள். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு கோப்போடு என் கட்டிலுக்கு வந்தாள்.

"அங்கிள், நீங்க யூனிவர்சிட்டில இருந்தவருன்னு அப்பா சொன்னாரு. இத கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா? மனு ரிஜெக்ட் ஆயிருச்சு. கடிதம் புரியுது லா, பின்னால வச்சிருக்கிற இங்கிலீஷுதான் புரியல."

கடிதம் மலாயில் இருந்தது. தொழில் நோயாக ஏற்க ஆதாரமில்லை. அந்தக் கடையிலேயே நடந்த பல்கலைக்கழக ஆய்வில், தேத்தண்ணி கலக்கும் இடத்துக் காற்று சுத்தமாக இருந்ததாகத் தெரிய வந்துள்ளது. ஆட்சேபம் இருந்தால் மேல்முறையீட்டு விசாரணைக்கு வரலாம். பின்னால் அறிக்கையின் இரண்டு பக்கங்களை கடை முதலாளியின் வக்கீல் இணைத்திருந்தார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் என் வரி: களச் சூழலுக்கேற்பக் கருவி பாதுகாக்கப்பட்டது. கீழே மாதிரி எடுத்தவர் என்று என் முதலெழுத்துகள்.

நான் தொண்டையைக் காட்டி, பேச முடியவில்லை, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று சைகை செய்தேன். குரல் போனதற்காக முதல் தடவை கடவுளுக்கு நன்றி சொன்னேன். மறுநிமிடமே அந்த நன்றிக்காக வெட்கப்பட்டேன்.

இரண்டு நாள் கோப்பு என் தலையணைக்கு அடியில் கிடந்தது. காய்ச்சல் ஏறியது, இறங்கியது. பழைய ஆய்வுக் குறிப்பேடுகள் கிடைக்குமா என்று கேட்டுப் பேராசிரியருக்குச் செய்தி அனுப்பினேன். அவர் ஓய்வுபெற்று, அரசாங்கத்தின் கௌரவப் பட்டமெல்லாம் வாங்கிவிட்டார். உடனே கூப்பிட்டார். என்னால் கேட்கத்தான் முடியும் என்பது அவருக்கு வசதி. உடம்பைப் பார்த்துக்கொள், இந்த நேரத்தில் ஏன் பழசைக் கிளறுகிறாய் என்றார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "செல்வா, யாரும் நம்மள பொய் எழுதச் சொல்லல. ஒரு வரிகூட மாத்தச் சொன்னதில்ல. அத மறந்துடாத."

அது சத்தியமான உண்மை. அந்த அறக்கட்டளைக்குப் பின்னால் இருந்த சிகரெட் கம்பெனிக்காரர்கள் எதையும் மாற்றச் சொல்லவில்லை. காற்றாடி போதுமா என்று மட்டும் கேட்டார்கள். காற்றாடிக்கு அடியில் நிற்பவருக்கு என்ன ஆகிறது என்று கேட்க யாரும் பணம் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு பணம் வருமா என்ற கவலையை அவர்கள் எங்கள் மேல் திணிக்கவுமில்லை. நாங்களாகவே சுமந்தோம். ஒரு வடிதுணியைக் கழற்றாமல் விடுவதற்கு அந்தக் கவலை போதுமானதாக இருந்தது.

என் மானம் போவது எனக்குப் பெரிய பயமில்லை. மொட்டைத் தலையும் கேட் சத்தமுமாக இருப்பவனுக்கு மானம் எந்த மூலையில் இருக்கும்? பயம் வேறு. உண்மையைச் சொன்னால், அந்தத் துணியைக் கட்டியவர் அவர்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய நல்ல மனசே அவர் மனுவைக் கொன்றுவிட்டது என்று, ஒவ்வொரு மூச்சையும் எண்ணி எடுக்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் பிற்பகல் தேத்தண்ணி வண்டி வந்தது. அண்ணன் வழக்கம்போல ஒரு வாய் குடித்து, இதைக் கலக்கியவனைக் கூட்டி வாருங்கள், ஆயர் ஈத்தாமில் வைத்து ஒரு மாதம் பழக்கி விடுகிறேன் என்று வண்டிக்காரரிடம் சொன்னார். சரோஜா என்னைப் பார்த்தாள். அவளிடம் கோப்பைக் காட்டியிருந்தேன். போய்ச் சொல்லுங்கள் என்று அவள் சொல்லவில்லை. என் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தாள்.

குறிப்பேட்டில் எழுதிக் கொண்டுபோனேன். கண்ணாடி இல்லாமல் படிக்க வராது என்றார். எனவே அவர் காதருகே குனிந்து, அந்தக் கேட் சத்தத்தில், என் மிகச் சிறந்த நகைச்சுவையை முதல் தடவையாகக் கடைசிவரை சொன்னேன். லைட்டர், துணி, நான் எழுதிய வரி, கடிதம், எல்லாவற்றையும்.

அண்ணன் குவளையைக் கட்டில் மேசையில் வைத்தார்.

"அந்தத் துணி மூணு நாளுல கறுத்துப் போவும். தேத்தண்ணிக் கறை செவப்பு தம்பி, சுடுதண்ணில போட்டா போயிரும். இது மஞ்சக் கறுப்பு. பிசுபிசுன்னு இருக்கும். எதுக்கும் போவாது. தூக்கிப் போட்டுட்டு வேற கட்டுவேன். நீ வந்து அந்தக் காகிதத்தையே பாத்துக்கிட்டு இருப்ப. துணி எப்படி இருக்குன்னு ஒரு நாளு கேட்டியா?"

கேட்கவில்லை. நாங்கள் தேடிய எடை முழுவதும் வாரத்துக்கு இரண்டு தடவை அந்தக் கடையின் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கிறது.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த நாள் தேத்தண்ணி வந்தபோது ஒரு குறையும் சொல்லாமல் குடித்து முடித்தார். ஸ்கேன் முடிவைக் கேட்டபோதுகூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

அதற்கு மறுநாள் காலை அவருக்கு மூச்சு மோசமானது. முகத்தில் ஆக்ஸிஜன் மூடியை மாட்டி, மிஸ்ஸிகளின் மேசைக்கு எதிரே உள்ள அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நேரமில்லை என்று புரிந்தது. மேல்முறையீட்டுக்கு ஒரு வாக்குமூலம் எழுதினேன். எழுதும்போது எனக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. என் நல்ல யோசனைகளைப் பற்றி இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'கருவியின் வாயில் துணி கட்டியது நான்தான்' என்று எழுதினேன். அண்ணன் பெயரே வராது. பழி முழுவதும் எனக்கு. ஒருவிதப் பெருமிதத்தோடு கையெழுத்துப் போட்டேன்.

மத்தியானம் கலைச்செல்வி வந்தாள். அப்பா அவளிடம் முதல்நாளே சொல்லிவிட்டார் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. உட்காரவில்லை. தாளை வாங்கி நின்றபடியே படித்தாள். 'துணி கட்டியது நான்தான்' என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"எங்க லைன்ல, ரிஜெக்ட் சாமானுல பாஸ் ஸ்டிக்கர் ஒட்டுனா வேல போயிரும் அங்கிள். நல்ல மனசோட ஒட்டுனேன்னு சொன்னாலும் போயிரும்." தாளை என் மடியில் வைத்தாள். "அப்பா கட்டினாரு. நீங்க கழட்டல. ரெண்டும் இருக்கணும்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கும் அளவுக்கு வெட்கம் கெட்டவனில்லை. அந்த வெட்கம் ஒன்று மட்டும் என்னிடம் மிச்சமிருந்தது. புதிய தாள் எடுத்து, பேராசிரியர் சிரித்ததிலிருந்து என் வேலை நிரந்தரமானதுவரை, இருந்தது இருந்தபடி எழுதினேன். விசாரணை நாளன்று உங்களுக்குக் குரல் இல்லை என்று முதலாளியின் வக்கீல் ஏதாவது சொல்வான், நான் வாசிக்கிறேன், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும் என்றாள். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. என் வெள்ளணுக்கள் ஒத்துழைத்தால் நிற்பேன்.

கொடுப்பதற்கு முன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள் என்றாள். சரோஜா ஒரு பக்கம் பிடிக்க, மருந்துக் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு அந்த அறைக்குப் போனேன். அண்ணன் கண்ணை மூடியிருந்தார். மூடிக்குள் அவர் மூச்சு பனித்துப் பனித்து மறைந்தது. குனிந்து, ஒவ்வொரு வரியாக வாசித்தேன். கேட்கிறதா என்றே தெரியவில்லை. கடைசி வரியை முடித்துத் தாளை மடிக்கும்போது அவர் கை உயர்ந்து மூடியைக் கொஞ்சம் விலக்கியது.

"துணி மூணு நாளைக்கு ஒருதடவ கறுத்துப் போச்சுன்னு போட்டியா?"

போடவில்லை. மிஸ்ஸியிடம் பேனா வாங்கி, அவர் கட்டில் ஓரத்திலேயே தாளை வைத்து, அதைச் சேர்த்தேன்.